புதிய பாடசாலையும் பிள்ளையின் பேச்சும்

இடம்பெயர்ந்த குடும்பம் முதலில் கூரையைத் தேடுகிறது. பின்பு அரிசியைத் தேடுகிறது. பிள்ளையின் படிப்பு அதற்குப் பிறகே நினைவுக்கு வருகிறது. இது இயல்பு. ஆயினும், இழந்த ஒரு போகத்தை அடுத்த போகத்தில் ஈடுசெய்யலாம். தவறிய வகுப்புகளை ஈடுசெய்வது அத்தனை எளிதல்ல.

1985, 1990, 2006 ஆகிய ஆண்டுகளில் திருகோணமலை மாவட்டம் பெரும் இடப்பெயர்வுகளைக் கண்டது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி இங்கு பத்துப் பேரில் நால்வர் முஸ்லிம்கள், மூவர் தமிழர், ஏறத்தாழ மூவர் சிங்களவர். மூதூர், வெருகல் கரையோர வேடர் வழிக் குடும்பங்களும் தமிழே பேசுகின்றன. ஆகவே, ஒரே தமிழ் மொழி வகுப்பிலும் பல சமயங்களையும் பழக்கவழக்கங்களையும் உடைய பிள்ளைகள் சேர்ந்திருக்கலாம்.

பேச்சும் வேறுபடும். நமது வயற்புறப் பிள்ளைக்குச் 'சூடு' என்றால் அறுத்து அடுக்கிய நெற்கதிர்க் குவியல். நகரத்துப் பிள்ளைக்கு அது வெப்பம் மட்டுமே. நமக்கு 'வேளாண்மை' என்றால் நெற்பயிர். பாடநூலில் அது விவசாயம் முழுவதையும் குறிக்கும். பிள்ளையின் சொல்லைப் பிழையென்று சிரித்தால், பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். ஊர்ச்சொல்லையும் நூற்சொல்லையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால், வகுப்பு முழுவதும் இரண்டையும் கற்றுக்கொள்ளும்.

இது சலுகை அல்ல, உரிமை. தேசிய மொழிகளில் ஒன்றின் மூலம் கல்வி பெறும் உரிமையை அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரை தருகிறது. உள்நாட்டு இடப்பெயர்வு பற்றிய ஐக்கிய நாடுகளின் 1998ஆம் ஆண்டு வழிகாட்டும் கோட்பாடுகளில் 23ஆவது, இடம்பெயர்ந்த பிள்ளைகளின் கல்வி அவர்களுடைய பண்பாட்டையும் மொழியையும் சமயத்தையும் மதிக்க வேண்டும் என்கிறது. நம் நாட்டில் 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம்.

நாம் செய்யக்கூடியவை:

1. பத்திரங்கள் தொலைந்தன என்று பிள்ளையை வீட்டில் வைத்திருக்க வேண்டாம். கையில் இருப்பதோடு அதிபரைச் சந்திப்போம். பிறப்புப் பத்திரத்தின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் கேட்கலாம். அனுமதி மறுக்கப்பட்டால் வலயக் கல்விப் பணிமனைக்குச் செல்வோம்.

2. எந்த வகுப்பில், எந்தப் பாடத்தோடு படிப்பு நின்றது என்பதை ஆசிரியரிடம் சொல்வோம். வயதை மட்டும் பார்த்து வகுப்பில் இருத்தினால், விடுபட்ட பகுதி விடுபட்டதாகவே இருக்கும்.

3. நோன்பு, விரதம், உணவு, உடை பற்றிய வழக்கங்களையும் ஆசிரியருக்குத் தெரிவிப்போம்.

4. வீட்டில் தாய்மொழியிலேயே கதைப்போம். ஏக்கர், புசல், மூட்டைக் கணக்கைப் பிள்ளையைக் கொண்டு செய்விப்போம். தாய்மொழியில் விளங்கிய கணக்கு எம்மொழியிலும் விளங்கும்.

5. தமிழ்ப் பிள்ளைகள் சிங்களமும், சிங்களப் பிள்ளைகள் தமிழும் கற்க ஊக்கமளிப்போம். இரண்டாம் மொழி தாய்மொழிக்கு மேலதிகமாக வரவேண்டும். அதன் இடத்தைப் பிடிக்க வரக்கூடாது.

கூடிப் பேசுவதற்கு:

• நமது முகாமில் அல்லது கிராமத்தில் பாடசாலைக்குப் போகாத பிள்ளைகள் எத்தனை பேர்? காரணம் என்ன?

• நம் பிள்ளைகளின் எந்தச் சொற்கள் வகுப்பில் விளங்குவதில்லை?

• அடுத்த பெற்றார் கூட்டத்தில் நாம் முன்வைக்கும் முதற் கோரிக்கை எது? அதை யார் பேசுவார்?