புயல் வந்தால் கியூஆர் அட்டை என்னாகும்?

கேள்வி: என் மளிகைக் கடையில் பாதி வியாபாரம் ஜிபே, போன்பேயில்தான். புயலில் இணையம் போனால் என்ன செய்வது? – ஒரு வாசகர், கடலூர்

பதில்: 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையைப் புரட்டியபோது, பணமதிப்பு நீக்கம் வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் ரொக்கம் இல்லை, கார்டு தேய்க்க இணைப்பும் இல்லை. பால் பாக்கெட்டுக்கே மக்கள் திண்டாடினார்கள். அந்த நிலை உங்கள் தெருவுக்கு வரக்கூடாது.

இணையம் போய் செல்போன் சிக்னல் மட்டும் இருந்தால் *99# என டயல் செய்யும் வங்கிச் சேவை கைகொடுக்கும். பட்டன் போனிலும் பணம் அனுப்பலாம். ஆனால் பணம் அனுப்புவது வாடிக்கையாளர். வங்கியில் பதிவான எண்ணிலிருந்து அவர் இந்தச் சேவையை முன்கூட்டியே அமைத்து வைத்திருக்க வேண்டும். இதை இப்போதே சொல்லிக்கொடுங்கள். உங்களிடம் வேறு நிறுவனத்தின் சிம் ஒன்றும் இருக்கட்டும்.

சிக்னலும் செத்துவிட்டால்? நோட்டுதான். தெரிந்த முகங்களுக்குக் கடன் எழுதிக் கொடுங்கள். அதைவிட நம்பகமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. சில்லறையும், மொத்த வியாபாரிகளின் எண்கள் எழுதிய தாளும் கல்லாவில் இருக்கட்டும். போன் அணைந்தால் எண்களும் போய்விடும்.

ஐப்பசி மழைக்கு முன் ஒருநாள், டேட்டாவை அணைத்துவிட்டுக் கடையை நடத்திப் பாருங்கள்.