செம்பில் ஏறும் களிம்பு: பழைய கார் ஒயரிங் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

பழைய காரின் மின்னமைப்பில் தோன்றும் கோளாறுகளுள் பல, விளக்கிலோ மோட்டாரிலோ பிறப்பவை அல்ல. ஒரு கம்பி இன்னொரு கம்பியோடோ வண்டியின் இரும்பு உடலோடோ சேரும் இடத்தில், விரல்நக அளவேயான பித்தளைத் துண்டின்மேல் படியும் களிம்பில் பிறப்பவை. செம்பும் பித்தளையும் காற்று, ஈரம், அமிலம் ஆகியவற்றோடு கூடி மாறும்போது மேற்பரப்பில் உண்டாகும் பச்சை அல்லது கரிய படலமே களிம்பு எனப்படுகிறது. செம்பில் களிம்புபோல ஆணவ மலம் உயிரோடு என்றும் உடனிருப்பது என்று சைவ சித்தாந்தம் உவமை கூறும். ஆனால் கார்க் கம்பியைப் பொறுத்தவரை களிம்பு உடன்பிறந்தது அன்று. அது வெளியிலிருந்து வருவது, ஆகவே வரும் வழியை அடைக்கவும் இயலும். படிந்ததை நீக்குவது பாதி வேலை, மறுபடி படியாதவாறு மூடுவது மறுபாதி என்பதை மறந்ததால்தான், ஒரே கோளாறுக்காக ஒரே வண்டி ஆண்டுதோறும் பட்டறைக்குத் திரும்பி வருகிறது.

1950களின் இறுதியில் தொடங்கி 2014 வரை உற்பத்தியான அம்பாசடரும், 1983 முதல் 2014 வரை உற்பத்தியான மாருதி 800-உம் இன்றும் வீடுகளில் பேணப்படுகின்றன. அவற்றைப் பேணுவோரிடையே வழங்கும் சில நம்பிக்கைகள், கடையநல்லூர் போன்ற மலையடிவார ஊர் ஒன்றின் தட்பவெப்பத்தோடு வைத்து ஆராயத்தக்கவை.

“கடற்கரை ஊர் வண்டிகளுக்குத்தான் களிம்பு ஏறும்”

உப்புக்காற்று அரிப்பை விரைவுபடுத்துகிறது என்பது உண்மையே. உப்பு இல்லாத இடத்தில் அரிப்பே இல்லை என்பது அதிலிருந்து பெறப்படும் முடிவு ஆகாது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தாண்டும்போதே உலோகப் பரப்பின்மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் அமையத் தொடங்குகிறது. அரிப்பு என்னும் வேதிவினைக்கு அந்தப் படலமே போதுமானது. கடையநல்லூர், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், திருமங்கலம்–கொல்லம் தேசிய நெடுஞ்சாலை எண் 744-இன்மேல் அமைந்த ஊர். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மலையிடைவெளிகள் வழியே சாரலையும் ஈரக்காற்றையும் கொண்டுவருகிறது. அது ஓய்ந்த சில வாரங்களில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடுகிறது. உப்பு இல்லாவிடினும், ஆண்டில் இருமுறை நனையும் நிலம் இது.

இதனோடு எஞ்சின் அறையின் வெப்பமும் சேர்கிறது. ஓடும்போது சூடேறிய கனெக்டருக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியேறுகிறது. வண்டி நின்று குளிரும்போது அதே இடுக்கின் வழியாக ஈரக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. நாள்தோறும் நிகழும் இந்த மூச்சிழுப்பினால் உட்புகும் ஈரம், பல இழைகளாலான கம்பியில் இழைகளுக்கு இடைப்பட்ட நுண்வழிகளைப் பற்றிக்கொண்டு, திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல, உறைக்குள் நெடுந்தூரம் ஏறிவிடுகிறது. வெளியே உறை பளபளப்பாக இருக்க, உள்ளே செம்பு கறுத்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

வெளிநாட்டில் பணிபுரிவோரின் குடும்பங்கள் மிகுந்த இவ்வட்டாரத்தில், உரிமையாளர் விடுப்பில் வரும்வரை மூடிய கொட்டகையில் மாதக்கணக்கில் நிற்கும் கார்கள் உண்டு. ஓடாத வண்டிக்குத் தேய்மானம் இல்லை என்பது டயருக்கும் பிரேக் கட்டைக்கும் ஓரளவு பொருந்தலாம், மின்னிணைப்புக்குப் பொருந்தாது. நின்றுகொண்டிருக்கும் வண்டியில் பேட்டரி தானே மின்னேற்றம் இழக்கிறது, எஞ்சின் வெப்பத்தால் உலரும் வாய்ப்பும் கனெக்டர்களுக்குக் கிடைப்பதில்லை.

“விளக்கு மங்கினால் பேட்டரி போய்விட்டது”

பொருள் இழப்புக்கு மிகுதியும் காரணமாகும் நம்பிக்கை இது. புதிய பேட்டரியும், அதன் பின்னர் அதிக வாட் கொண்ட பல்பும் வாங்கிய பிறகும் வெளிச்சம் மீளாத வண்டிகளில், குற்றம் பெரும்பாலும் எர்த் இணைப்பில் இருக்கும். காரில் மின்னோட்டம் ஒரு கம்பி வழியாக விளக்குக்குச் சென்று, திரும்பும்போது வண்டியின் இரும்பு உடல் வழியாகவே பேட்டரிக்கு வருகிறது. அந்தத் திரும்புவழி உடலோடு சேரும் போல்ட்டும், கம்பிமுனையில் பொருத்தப்படும் லக் என்னும் உலோகத் துண்டும்தான் எர்த். வண்ணப்பூச்சின் மேலேயே முடுக்கப்பட்ட அல்லது துருவேறிய எர்த் போல்ட் ஒன்று, புதிய பேட்டரியின் ஆற்றலையும் பாதி வழியில் தின்றுவிடும்.

இழப்பின் கணக்கு எளிது. 10 ஆம்பியர் செல்லும் தடத்தில், களிம்பேறிய இணைப்பு ஒன்று 0.1 ஓம் தடையை மட்டும் ஏற்படுத்தினால், அங்கே 1 வோல்ட் வீழ்கிறது. 10 வாட் வெப்பமும் அதே இடத்தில் உண்டாகிறது. இழைவிளக்கின் ஒளி மின்னழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் குறைவதில்லை, அதைவிடப் பலமடங்கு விரைவாகக் குறைகிறது. அழுத்தம் 10 விழுக்காடு குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்துவிடும். இந்நிலையில் அதிக வாட் பல்பைப் பொருத்தினால் மின்னோட்டம் கூடுகிறது, அதனால் பழுதுற்ற இணைப்பின் வெப்பமும் கூடுகிறது, கனெக்டரின் பிளாஸ்டிக் உருகுகிறது. ஸ்டார்டர் மோட்டாரின் தடத்தில் நிலை இன்னும் கடுமையானது. அங்கே 100 ஆம்பியருக்கு மேல் ஓடுவதால், 0.01 ஓம் தடைகூட 1 வோல்ட்டுக்கு மேல் விழுங்கிவிடும்.

மல்டிமீட்டரில் ஒலி எழுந்தால் கம்பி நன்று என்று கொள்வதும் இதனைச் சார்ந்த பிழையே. ஒலிச்சோதனையில் கருவி செலுத்தும் மின்னோட்டம் மிகச் சிறிது. முப்பது இழைகளில் ஒன்று மட்டும் எஞ்சியிருந்தாலும் கருவி ஒலிக்கும், ஆனால் விளக்கின் சுமையை அந்த ஓரிழை தாங்காது. சரியான முறை, சுமையோடு அளப்பது. விளக்கை எரியவிட்டு, மல்டிமீட்டரை வோல்ட் அளவில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் மறுமுனையை விளக்கின் எர்த் முனையிலும் தொட்டுப் பார்த்தால், இடைப்பட்ட வழியில் வீழும் அழுத்தம் நேரடியாகத் தெரியும். இத்தகைய எர்த் வழியில் 0.1 அல்லது 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இணைப்பைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடமும் எளிய மீட்டரும் போதுமான இந்தச் சோதனை, பேட்டரி மாற்றுவதற்கு முன் ஒவ்வொரு பட்டறையிலும் செய்யப்படத்தக்கது.

“ஃபியூஸ் இருக்கிறது, தீப்பிடிக்காது”

ஃபியூஸ், அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டத்தைக் கண்டால் உருகி வழியைத் துண்டிக்கும் கருவி. களிம்பேறிய இணைப்போ மின்னோட்டத்தை மிகுவிப்பதில்லை; தடையைக் கூட்டுவதால் அதைச் சற்றே குறைக்கவும் செய்கிறது. ஆகவே மேற்கூறிய 10 வாட் வெப்பம், விரல்நக அளவுள்ள ஓரிடத்தில் மணிக்கணக்கில் திரண்டுகொண்டிருக்கும்போதும் ஃபியூஸுக்கு அது தெரியவே தெரியாது. வானொலி பழுதுபார்ப்போரின் பற்றவைப்புக் கோல் பலவும் 25 வாட் அளவினவே என்பதை எண்ணினால் இந்த வெப்பத்தின் தன்மை விளங்கும். பழுப்பேறிய கனெக்டரும், கருகிய மணமும், தொட்டால் சுடும் ஃபியூஸ் பெட்டியும் ஃபியூஸ் தர இயலாத எச்சரிக்கையைத் தருகின்றன. ஃபியூஸுக்குப் பதிலாகக் கம்பி சுற்றும் வழக்கத்தைப் பற்றித் தனியே வாதிடத் தேவையில்லை. அது ஆபத்து, அவ்வளவே.

“புளி போட்டுத் துலக்கினால், உப்புத்தாள் தேய்த்தால் சரியாகிவிடும்”

செப்புக்குடத்தைப் புளியால் துலக்கிய பழக்கத்தில் வேரூன்றியது இந்த நம்பிக்கை; அதன் வேதியியலும் பிழையன்று. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் செம்பின் களிம்பைக் கரைக்கிறது, எலுமிச்சையின் சிட்ரிக் அமிலமும் அவ்வாறே. ஆனால் குடத்தை உடனே நீரால் கழுவித் துடைத்துவிடுகிறோம். கம்பி இழைகளுக்கிடையே புகுந்த அமிலத்தை அவ்வாறு வெளியேற்ற இயலாது. அங்கே தங்கும் எச்சம் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, துலக்கிய சில மாதங்களிலேயே முன்னிலும் மிகுதியான களிம்பை உண்டாக்கும். கறுத்த கம்பியைத் துலக்குவதைவிட, செம்பு பளிச்சென்று தெரியும்வரை வெட்டிக் குறைத்து, அதே பருமனுள்ள புதுக்கம்பியை இணைப்பதே முறை.

உப்புத்தாள் செய்யும் தீங்கு வேறு வகையானது. கனெக்டர்களின் பித்தளை முனைகள் பலவற்றின்மேல் மெல்லிய வெள்ளீயப் பூச்சு உண்டு. சமையலுக்குரிய பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது எதற்காகவோ, அடிப்படையில் அதே காப்புக்காகத்தான் இதுவும். ஈயம் பூசிய பாத்திரத்தைச் செங்கல் தூளால் அழுத்தித் தேய்த்தால் பூச்சு போய்விடும் என்பது அறிந்த ஒன்று. உப்புத்தாளும் டெர்மினலுக்கு அதையே செய்கிறது. அன்றைக்கு விளக்கு எரியும். அடுத்த சாரலுக்குள் காப்பிழந்த பித்தளை மறுபடி களிம்பேறும். மின்தொடு துப்புரவுத் தெளிப்பான், மென்மையான தூரிகை, பிறகு நன்கு உலரவிடுதல் என்பதே பொருத்தமான வரிசை. பிடிப்பு தளர்ந்த அல்லது குழிவிழுந்த முனையைத் துப்புரவு செய்து பயனில்லை, மாற்றவே வேண்டும். பேட்டரி முனைகளில் படியும் வெண்ணிறப் பொடி கந்தக அமிலத்தின் விளைவாதலால், அதற்குச் சமையல் சோடா கரைத்த நீர் ஏற்றது. அது அமிலத்தின் வீரியத்தை முறிக்கிறது.

எங்கும் பரவலாக நம்பப்படும் டபிள்யூடி-40 தெளிப்பானைப் பற்றியும் ஒரு சொல். 1953-இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் உருவாக்கப்பட்ட அக்கலவையின் பெயரிலுள்ள இரண்டு எழுத்துகளும் நீரை விலக்குதல் என்பதையே குறிக்கின்றன. நனைந்த கனெக்டரிலிருந்து நீரை விலக்க அது உதவும். ஏறிய களிம்பை நீக்கி நெடுநாள் காக்கும் மருந்தாக அதைக் கருதுவது பொருந்தாது.

“முறுக்கி டேப் சுற்றினால் போதும்”

முறுக்கிய இணைப்பில் இழைகளுக்கிடையே காற்று இருக்கிறது. காற்று இருக்குமிடத்தில் களிம்புக்கு இடமுண்டு. சாதாரண இன்சுலேஷன் டேப்பின் பசை, எஞ்சின் அறையின் வெப்பத்தில் இளகிப் பிசுபிசுத்துத் தூசியைச் சேர்க்கிறது. சால்டர் செய்வது இதைவிட மேலானது எனினும் அதற்கும் எல்லைகள் உண்டு: உருகிய ஈயம் இழைகளுக்குள் ஏறி உறைவதால் கம்பி விறைத்து, விறைப்பு முடியும் இடத்தில் அதிர்வால் ஒடிகிறது. மேலும், பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோர் பயன்படுத்தும் நவச்சாரம் போன்ற உப்புகளைக் கம்பியில் பயன்படுத்தினால் அவற்றின் குளோரைடு எச்சம் செம்பை அரித்துக்கொண்டே இருக்கும். பைன் மரப் பிசினிலிருந்து பெறப்படும் ரோசினே கம்பி வேலைக்கு உரியது.

கார்த் தொழிற்சாலைகள் பெரிதும் கையாளும் முறை கிரிம்பிங் ஆகும். அதாவது, கம்பியின் பருமனுக்கு ஏற்ற லக்குக்குள் இழைகளைச் செருகி, அதற்குரிய பிளையரால் காற்றுப் புகாதவாறு நசுக்கிப் பொருத்துவது. வெட்டும் பிளையரால் கடித்து வைப்பது கிரிம்பிங் ஆகாது. அதன்மேல் உட்புறம் பசை பூசிய ஹீட் ஷ்ரிங்க் குழாயைச் செருகிச் சூடாக்கினால், குழாய் சுருங்கிப் பசை உருகி இணைப்பை மூடிவிடும்.

கிரீஸ் பற்றி எதிரெதிரான இரு நம்பிக்கைகள் உள்ளன: அது மின்சாரத்தைக் கடத்தும் என்பது ஒன்று, தடுத்துவிடும் என்பது மற்றொன்று. சிலிக்கான் கிரீஸ் மின்கடத்தாப் பொருள்தான்; ஆயினும் இறுக்கமான இணைப்பில் உலோகம் உலோகத்தோடு அழுந்தும் புள்ளிகளிலிருந்து அது பிதுங்கி விலகி, சுற்றியுள்ள இடுக்குகளை நிரப்பி ஈரத்தைத் தடுக்கிறது. துப்புரவு செய்து உலர்ந்த இணைப்பில் மெல்லிதாகப் பூசினால் நன்மை. களிம்பின்மேல் அப்பினால் களிம்புக்கே அது போர்வையாகும்.

“பழைய வண்டிக்கு முழு ஒயரிங்கும் மாற்றியாக வேண்டும்”

உறை நெடுகிலும் வெடித்து நொறுங்கும் வண்டிக்கும், எலி கடித்துப் பல இடங்களில் செம்பு வெளிப்பட்ட வண்டிக்கும் இது உண்மை. மற்றவற்றில் கம்பியின் நடுப்பகுதி பெரும்பாலும் நலமாகவே இருக்கும்; கெட்டிருப்பவை முனைகளும் எர்த் இடங்களும்தான். அவற்றை ஒவ்வொன்றாகச் சீர்செய்வது பொறுமையைக் கேட்கும் வேலை, ஆனால் செலவு மிகக் குறைவு.

வைகாசி கழிந்து சாரல் தொடங்கும் முன்னரே பழைய கார் வைத்திருப்போர் இந்த வேலையை முடித்துக்கொள்வது நல்லது. தொடங்குமுன் பேட்டரியில் வண்டியின் உடலோடு இணைந்த முனையை முதலில் கழற்ற வேண்டும். இன்றைய கார்களில் அது எதிர்முனை, 1960களின் நடுப்பகுதி வரையிலான பிரிட்டிஷ் வடிவமைப்புக் கார்கள் பலவற்றில் நேர்முனை. அதன் பிறகு எர்த் போல்ட்டைக் கழற்றி, அடியிலுள்ள வண்ணப்பூச்சையும் துருவையும் நீக்கி, இரும்பு பளிச்சிடும் இடத்தில் லக்கை முடுக்கி, மேலே கிரீஸ் பூசிவிடுங்கள்.