நிலவுக்கும் போகும், படைக்கும் உதவும்

கேள்வி: நிலவுக்குக் கலம் அனுப்பும் தனியார் நிறுவனத்துக்கு ராணுவத்தில் என்ன வேலை?

பதில்: அவசரத்துக்குக் கைகொடுப்பதுதான். டெக்சாஸின் ஃபயர்ஃபிளை நிறுவனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். போர்க்காலத்தில் ஒரு செயற்கைக்கோள் போய்விட்டால், மாற்று ஒன்றை எவ்வளவு சீக்கிரம் ஏவ முடியும்? அமெரிக்க விண்வெளிப் படை 2023 செப்டம்பரில் சோதித்துப் பார்த்தது. உத்தரவு வந்த பிறகுதான் பாதையைக் கணக்கிட்டு, செயற்கைக்கோளை ராக்கெட்டின் கூம்புக்குள் வைத்து மூடினார்கள். 27 மணி நேரத்தில் கலிஃபோர்னியாவின் வாண்டன்பர்க்கிலிருந்து ஃபயர்ஃபிளையின் ஆல்ஃபா ராக்கெட் கிளம்பிவிட்டது. வழக்கமாக மாதக்கணக்கில் இழுக்கும் வேலை இது!

இதே நிறுவனத்தின் புளூ கோஸ்ட் கலம்தான் 2025 மார்ச் 2 அன்று, நாசாவின் 10 கருவிகளோடு நிலவில் சாயாமல் இறங்கியது.

ராணுவம் இப்படித் தயாராவதால், விண்வெளியும் போர்க்களமாகிவிடுமோ என்ற கவலை நியாயமானதே. 1967-ன் விண்வெளி ஒப்பந்தம் சுற்றுப்பாதையில் அணுகுண்டு போன்ற பேரழிவு ஆயுதங்களைத்தான் தடுக்கிறது. ராணுவச் செயற்கைக்கோள்களை அல்ல.