“நான் யாருக்கு என்ன பாவம் செஞ்சேன்?”



நம் குழுவில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தால் காப்பீட்டு அட்டை இருக்கா, ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு யார் போவது, அவசரக் கடன் எவ்வளவு கொடுக்கலாம் என்று பேசுகிறோம். இதெல்லாம் அவசியம்தான். ஆனால் அந்தப் பெண் ராத்திரி தூங்காமல் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி வேறாக இருக்கலாம். “நான் யாருக்கு என்ன பாவம் செஞ்சேன்? எனக்கு ஏன் இது வந்துச்சு?” இந்த மாதப் பாடம் அந்த வேதனையைப் பற்றியது.

இதுவும் வலிதான்

லண்டனில் 1967-ல் செயின்ட் கிறிஸ்டோபர் பராமரிப்பு இல்லத்தைத் தொடங்கியவர் டாக்டர் சிசிலி சாண்டர்ஸ். நோயாளியின் வலி உடம்பில் மட்டும் இல்லை. மனசு, குடும்பம், ஆன்மா எல்லாம் சேர்ந்ததுதான் முழு வலி என்று அவர் சொன்னார். இன்று உலக சுகாதார நிறுவனமும் இதை ஏற்றுக்கொள்கிறது.

எப்படித் தெரிந்துகொள்வது?

• “சாமி கண்ணை மூடிக்கிச்சு” என்று விளக்கேற்றுவதையே விட்டுவிடுவார்.
• ஊசி போடும் தேதியை விட்டுவிட்டு, பரிகாரம் தேடிக் கோயில் கோயிலாக அலைவார்.
• “இது எனக்குத் தண்டனை, அனுபவிச்சுத்தான் தீரணும்” என்று வலியை மறைப்பார்.
• “எல்லாருக்கும் நான் பாரம்” என்பார்.

சாமி நம்பிக்கை இல்லாதவருக்கும் இந்த வேதனை வரும். “இத்தனை வருஷம் உழைச்சேனே, எதுக்கு?” என்று கேட்பார்.

தண்டனை என்று நம்புகிறவர் வலி மாத்திரையைக்கூட வேண்டாம் என்பார். ஆகவே இதை ‘வெறும் புலம்பல்’ என்று நாம் விட்டுவிடக் கூடாது.

இது தண்டனை இல்லை

உடம்பிலுள்ள செல்கள் கட்டுப்பாடு இல்லாமல் பெருகுவதுதான் புற்றுநோய். புகையிலையால் வரலாம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் எச்.பி.வி. என்ற வைரஸ் காரணம். அது மிகச் சாதாரணமாகப் பலருக்கும் தொற்றக்கூடியது; அதை வைத்து யாருடைய ஒழுக்கத்தையும் பேசக் கூடாது. பலருக்குக் காரணம் இதுதான் என்று சொல்லவே முடியாது. புற்றுநோய் தொட்டால் ஒட்டாது, கூட உட்கார்ந்து சாப்பிட்டாலும் ஒட்டாது.

நாம் சொல்லக் கூடாதவை

“எல்லாம் விதி”, “முன் ஜென்மத்து வினை”, “உன்னைவிட மோசமா எத்தனையோ பேர் இருக்காங்க”, “அழாதே”. “எங்க சாமியைக் கும்பிடு, சரியாயிடும்” என்று அழைப்பதும் வேண்டாம்.

நாம் செய்யக்கூடியவை

1. பக்கத்தில் உட்காருங்கள். “மனசுல என்னக்கா ஓடுது?” என்று கேளுங்கள். அவர் பேசட்டும். ‘ஏன் எனக்கு?’ என்ற கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை. பதில் சொல்லியே ஆகவேண்டும் என்றும் இல்லை.
2. அவருக்கு எது ஆறுதல் என்று கேளுங்கள். கோயிலோ, ஜெபமோ, தொழுகையோ, பேரப்பிள்ளையோ, அது அவர் விருப்பம். “சாமியும் கும்பிடுவோம், மருந்தும் சாப்பிடுவோம்” என்று சொல்லுங்கள்.
3. யாரையாவது பார்க்கணும், யாரிடமாவது மன்னிப்புக் கேட்கணும் என்றால் அதற்கு வழி செய்யுங்கள்.
4. குழுக் கூட்டத்துக்கு வரச் சொல்லுங்கள். முடியாவிட்டால் கூட்டத்தை அவர் வீட்டுத் திண்ணையில் வையுங்கள்.
5. “செத்துடலாம்போல இருக்கு” என்றால் தனியே விடாதீர்கள். வீட்டாரிடம் சொல்லுங்கள். 14416 என்ற மனநல உதவி எண்ணை அழையுங்கள்.

வலி இருந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள். 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வலி நிவாரண ஆதரவு சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. உடம்பு வலி குறைந்தால்தான் மனசு பேசும்.

கேரளத்தில் 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய இத்தகைய பணி, பிறகு ஊர் ஊராகப் பரவியது. அங்கே வீடு வீடாகப் போய்ப் பார்ப்பவர்களில் பலர் பயிற்சி பெற்ற அக்கம்பக்கத்துச் சாதாரண மக்கள். நம்மாலும் முடியும்.

குழுவில் பேசுவோம்

• நம் ஊரில் நோயைக் காரணம் காட்டி யாரையாவது ஒதுக்கி வைத்திருக்கிறோமா?
• அவரைப் பார்க்க இந்த வாரம் யார் போகிறோம்? அடுத்த வாரம் யார்? தீர்மான நோட்டில் எழுதுங்கள்.