பாடம் 11: தம்பியின் வண்டி ஏன் ஓடவில்லை?

மாணவர்களே, நீங்கள் மோட்டார் வைத்துப் பொம்மை வண்டி செய்திருக்கிறீர்களா? இந்தப் பாடத்தில் வரும் தம்பி ஒரு வண்டி செய்தான். அது ஓடவில்லை. அவனும் அவன் அக்காவும் பேசுவதை முதலில் வாய்விட்டுப் படியுங்கள்.

பேசுவோம்

தம்பி: அக்கா, இங்க வாயேன்! வண்டி ஓடவே மாட்டேங்குது. ஒரு தடவை அசைஞ்சுது, அப்புறம் நின்னுடுச்சு.

அக்கா: மோட்டாரை எதுல மாட்டியிருக்கே?

தம்பி: ஆர்டுயினோவோட 9-ஆம் பின்னுல. புரோகிராமை மூணு தடவை பார்த்துட்டேன். சரியாத்தான் இருக்கு.

அக்கா: முதல்ல கம்பியைக் கழட்டு. புரோகிராம்ல தப்பு இல்லடா. அந்தப் பின்னால இவ்வளவு சுமையைத் தாங்க முடியாது.

தம்பி: ஐயோ! போர்டு போயிடுச்சா?

அக்கா: அந்த ஒரு பின் போயிருக்கலாம். மத்ததைச் சோதிச்சுப் பார்ப்போம்.

படிப்போம்

ஆர்டுயினோ அட்டையின் இரு ஓரங்களிலும் சின்னத் துளைகள் வரிசையாக இருக்கும். அவற்றைப் ‘பின்’ என்று சொல்வோம். ஆர்டுயினோ ஊனோ ஆர்3 அட்டையில் ஒரு பின் 20 மில்லிஆம்பியர் மின்னோட்டம் கொடுப்பது நல்லது. 40 மில்லிஆம்பியர்தான் அதன் கடைசி எல்லை. ஒரு சின்ன விளக்கை எரிய வைக்க இது போதும்.

மோட்டாருக்கு இது போதாது. பொம்மை வண்டியில் மாட்டும் மஞ்சள் நிற மோட்டார், சும்மா சுற்றும்போதே 100 மில்லிஆம்பியருக்கு மேல் கேட்கும். சக்கரம் கம்பளத்தில் சிக்கி நின்றுவிட்டால் இன்னும் பல மடங்கு கேட்கும். பாவம், அந்தப் பின் என்ன செய்யும்? சூடாகிக் கெட்டுப்போகும்.

உங்கள் வீட்டுக் குழாயை நினைத்துப் பாருங்கள். நீங்கள் விரலால் லேசாகத் திருகுகிறீர்கள். தண்ணீர் வேகமாகக் கொட்டுகிறது. அந்தத் தண்ணீர் உங்கள் விரலிலிருந்தா வருகிறது? இல்லை, தொட்டியிலிருந்து வருகிறது. விரல் கட்டளை மட்டுமே கொடுக்கிறது.

இங்கே பின்தான் விரல். பேட்டரிதான் தொட்டி. நடுவில் இருக்கும் குழாய்தான் மோட்டார் டிரைவர் பலகை. பலரும் பயன்படுத்தும் ஒரு பலகையின் பெயர் எல்298என். இதில் இரண்டு மோட்டார்களை மாட்டலாம். ஒவ்வொன்றுக்கும் 2 ஆம்பியர் வரை இது தாங்கும்.

இந்தப் பலகை இன்னும் இரண்டு வேலைகள் செய்கிறது. ஒன்று, மின்னோட்டத்தின் திசையை மாற்றுகிறது. அதனால் வண்டி முன்னாலும் போகும், பின்னாலும் போகும். இரண்டு, மோட்டாரைச் சட்டென்று நிறுத்தும்போது அதன் சுருளிலிருந்து ஒரு மின் அதிர்ச்சி திரும்பி வரும். பலகையில் உள்ள டையோடுகள் அதற்கு வேறு வழி காட்டி, மற்றப் பாகங்களைக் காப்பாற்றும்.

செய்வோம் (வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.)

1. பேட்டரியையும் யுஎஸ்பி கம்பியையும் கழற்றி வையுங்கள். மின்சாரம் இருக்கும்போது கம்பி மாட்டக் கூடாது.
2. மோட்டாரின் இரண்டு கம்பிகளையும் பலகையின் அவுட்1, அவுட்2 முனைகளில் திருகுங்கள்.
3. 6 சிறிய பேட்டரிகள் போடும் பெட்டியை எடுங்கள். 6 × 1.5 = 9 வோல்ட். சிவப்புக் கம்பி 12வி என்ற முனைக்கு. கறுப்புக் கம்பி ஜிஎன்டி என்ற முனைக்கு. இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. தொட்டால் கம்பி சுடும்.
4. பலகையின் ஜிஎன்டி முனையிலிருந்து ஆர்டுயினோவின் ஜிஎன்டி பின்னுக்கும் ஒரு கம்பி போடுங்கள். இதைத்தான் பலர் மறந்துவிடுவார்கள். இது இல்லாவிட்டால் ஆர்டுயினோவின் கட்டளை பலகைக்குப் புரியாது.
5. ஆர்டுயினோவின் 7, 8 பின்களை ஐஎன்1, ஐஎன்2 உடன் இணையுங்கள். இஎன்ஏ மேல் உள்ள சின்ன மூடியைக் கழற்றி, 5-ஆம் பின்னை அங்கே இணையுங்கள். இது வேகத்துக்கு.
6. சக்கரம் தரையில் படாதபடி வண்டியை ஒரு டப்பாவின் மேல் வையுங்கள். பிறகு மின்சாரம் கொடுங்கள்.

7-ஆம் பின் ‘ஆன்’, 8-ஆம் பின் ‘ஆஃப்’ என்றால் சக்கரம் ஒரு பக்கம் சுற்றும். மாற்றிக் கொடுத்தால் மறுபக்கம் சுற்றும். இரண்டும் ‘ஆஃப்’ என்றால் நிற்கும். திசையை மாற்றும் முன் அரை நொடி நிறுத்துங்கள். வேகத்துக்கு 0 முதல் 255 வரை எண் கொடுக்கலாம். நீங்கள் 128-இல் தொடங்குங்கள். இந்த மோட்டார் 6 வோல்ட் வரைதான் தாங்கும். அதனால் 180-ஐத் தாண்ட வேண்டாம்.

கவனம்! சக்கரம் சிக்கி நின்றால் உடனே பேட்டரியைக் கழற்றுங்கள். பலகையின் நடுவில் நிற்கும் கறுப்புத் தகடு சூடாக இருக்கும். அதைத் தொடாதீர்கள்.

தம்பியின் அட்டை என்ன ஆனது? 9-ஆம் பின் மட்டும் போய்விட்டது. மற்றவை நன்றாக வேலை செய்தன. அவன் அந்தப் பின்னுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தான். “இனிமே மறக்க மாட்டேன்கா” என்றான். அன்று மாலை வண்டி சமையலறைவரை ஓடியது!

புதிய சொற்கள்

மின்னோட்டம் – கம்பி வழியாக ஓடும் மின்சாரம்
சுமை – தாங்க வேண்டிய பாரம்
கட்டளை – ‘இதைச் செய்’ என்று சொல்வது
திசை – போகும் பக்கம்
சுருள் – சுற்றிச் சுற்றி வைத்த கம்பி

பயிற்சி

அ. பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக மாற்றுங்கள்.
எடுத்துக்காட்டு: நின்னுடுச்சு – நின்றுவிட்டது
1. அசைஞ்சுது 2. கழட்டு 3. மத்ததை 4. ஓடவே மாட்டேங்குது

ஆ. விடை எழுதுங்கள்.
1. தம்பி செய்த தவறு என்ன?
2. குழாய் உதாரணத்தில் தொட்டி எது?
3. சக்கரம் சிக்கினால் முதலில் என்ன செய்ய வேண்டும்? ஏன்?

இ. நீங்கள் ஒரு பொருளைத் தெரியாமல் கெடுத்திருக்கிறீர்களா? பிறகு என்ன கற்றுக்கொண்டீர்கள்? வீட்டில் ஒருவரிடம் தமிழில் சொல்லுங்கள்.