முடியுரு நாடியும் குருதிக்கட்டியும்

உடம்பெங்கும் குருதியைச் செலுத்தும் இதயம், தன் தசைக்கு வேண்டிய குருதியைத் தன் அறைகளிலிருந்து நேரே பெறுவதில்லை. மேற்புறத்தே முடிபோற் சூழ்ந்து கிடக்கும் இரு நாடிகளே அதற்கு உணவூட்டுவன. முடியுரு நாடி என நம் பாடநூல்கள் வழங்கும் பெயர் அவ்வடிவம் பற்றி எழுந்த காரணப்பெயராம்.

இந்நாடியின் உட்சுவரிற் படிந்த கொழுப்புத் திட்டு வெடிக்குமாயின், குருதிச் சிறுதட்டுகள் அவ்விடத்தில் வந்து ஒட்டும். பைபிரின் என்னும் நார் அவற்றை வலைபோற் பின்னும். விரலிற் கத்தி பட்டால் நம்மைக் காக்கும் அதே செயல் ஈண்டு உயிருக்கு உலைவைக்கிறது. கட்டி நாடியை முற்றாக அடைத்தபின், அரைமணி நேரமளவில் தசை மாளத் தொடங்கும்.

என் தந்தையார்க்கு இந்நோய் வந்த இரவில், அதனை வாய்வு என்றெண்ணி இஞ்சிக் கசாயம் காய்ச்சிக் கொடுத்தவன் யானே. விடிந்த பின்னரே மருத்துவமனை சேர்ந்தோம். பிழைத்தார், ஆயினும், அதன்பின் லயத்துப் படிகளை ஏறுகையில் இருமுறை நின்றே ஏறுவார்.

கட்டியைக் கரைப்பது ஒரு வழி. ஒருவகைக் கிருமியிலிருந்து பெறும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்னும் மருந்து நரம்பில் ஏற்றப்பட்டு அந்நார்வலையை அறுக்கும். 1986 இல் வெளிவந்த இத்தாலிய ஆய்வில், நோவு தோன்றி ஒரு மணி நேரத்துள் இதனைப் பெற்றோரிடை மரணம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆறு மணி கடந்தோர்க்குப் பயன் தெளிவாகத் தோன்றவில்லை. மூளையிற் குருதி கசியும் அபாயமும் இம்மருந்துக்கு உண்டு.

மற்றொரு வழி, மணிக்கட்டு நாடி வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, சிறு பலூனால் அடைப்பை விரித்து, கம்பிவலைக் குழலொன்றை அங்கே நிறுத்துதல். குறுகிய முடியுரு நாடியை இவ்வாறு பலூனால் முதன்முதல் விரித்தவர் அந்திரேயாஸ் குருன்சிக். இடம் சூரிச், ஆண்டு 1977. பின்னர் மாரடைப்பு வேளையிலும் இம்முறை கைக்கொள்ளப்பட்டது.

விரிக்கையில் கட்டி சிதறிச் சிறு நாடிகளை அடைக்குமே, முன்னரே உறிஞ்சி எடுத்தாலென்ன? கேட்ட மாத்திரத்தில் எவரும் ஒப்பும் உபாயம். ஒல்லாந்தில் 1,071 நோயாளரை ஆராய்ந்தோர் 2008 இல் நற்பயன் கண்டனர். ஆனால், 2013 இல் சுவீடன் நாட்டார் தலைமையில் 7,244 பேரிடை நடந்த ஆய்வில் மரணம் குறையவில்லை. 2015 இல் கனடா நாட்டார் 10,732 பேரிடை நடத்திய ஆய்விலும் பயனில்லை. பக்கவாதம் சற்று மிகுந்ததே கண்ட பலன். ஆகலின், உறிஞ்சுதல் இன்று எல்லார்க்கும் செய்யப்படுவதன்று. பெருங்கட்டி எஞ்சி நிற்குமிடத்து மட்டும் மருத்துவர் அதனை நாடுவர்.

நாடி விரிக்கும் கூடம் கண்டித் தேசிய மருத்துவமனையில் உண்டு. மடுல்கெல்லயிலிருந்து வத்துகாமம் வழியே வளைந்திறங்கும் பாதையில் அங்கு சேரும் நேரம் சிறிதன்று. ஆதலின் அண்மை மருத்துவமனையில் இதய மின்வரைபடம் எடுத்து, கரைக்கும் மருந்தை முதலில் ஏற்றிப் பின் அனுப்புவதும் உண்டு. 2016 இல் மேல், தென் மாகாணங்களிற் தொடங்கிப் பின் நாடெங்கும் பரவிய இலவச நோயாளர் வண்டிச் சேவையின் எண் 1990. நெஞ்சில் இறுக்கம், குளிர்வியர்வை, இடத்தோளுக்குப் பரவும் நோவு ஆகியவை அழைப்பதற்குப் போதிய காரணங்கள். நீரிழிவுடையார்க்கு நோவின்றி மூச்சுத்திணறல் மட்டுமே தோன்றவுங்கூடும்.