தராசு பிடிப்பவர் யாருடைய ஆள்?



பின்னேரம் கொழுந்து மடுவத்தில் நிறுவை நடக்கும்போது நம்முடைய பெண்களின் கண் எங்கே இருக்கும்? தராசில்தான் இருக்கும். சாக்குக்கு எவ்வளவு கழிக்கிறார், ஈரத்துக்கு எவ்வளவு கழிக்கிறார் என்று பார்த்துக்கொண்டே நிற்பார்கள். நிறுப்பவர் நல்ல மனிதராக இருக்கலாம், கையும் சுத்தமாக இருக்கலாம். ஆனாலும் அவருக்குச் சம்பளம் கொடுப்பது தோட்டம், கிலோ குறைந்தால் லாபமும் தோட்டத்துக்கு. அதனால் அவரைப் பார்த்துக்கொண்டு நிற்பதில் தப்பே இல்லை.

இப்படி ஒரே ஆளின் கையில், ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு பொறுப்புகள் இருப்பதற்கு “நலன் முரண்பாடு” என்று பெயர். இது லஞ்சம் அல்ல, களவும் அல்ல. ஆனால் கவனிக்காமல் விட்டால் அந்த இரண்டும் நுழைவதற்கு இதுவே வாசல். மடுவத்தில் நடப்பது சின்ன விஷயம். அரசாங்கத்தில் தராசு பிடிக்கும் இடத்தில் இதே நிலை வந்தால் என்ன ஆகும் என்பதே இந்த இதழின் பாடம்.

சுன்னாகத்துக் கிணறுகள்

நான் பிறந்தது யாழ்ப்பாணத்தில் உடுப்பிட்டி. அங்கே ஆறு கிடையாது, உங்களுக்கு இருப்பதுபோல மலையிலிருந்து இறங்கும் பீலியும் கிடையாது. குடிக்க, குளிக்க, தோட்டத்துக்கு இறைக்க எல்லாவற்றுக்கும் கிணறுதான். கீழே இருப்பது சுண்ணாம்புக் கல். ஓரிடத்தில் நிலத்துக்குள் இறங்கிய அழுக்கு அந்தக் கல்லின் வெடிப்புகள் வழியே தூரத்துக் கிணற்றுக்கும் போய்ச் சேரலாம்.

2014, 2015ஆம் ஆண்டுகளில் சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் மிதக்கிறது என்று சனங்கள் முறையிட்டார்கள். அந்த நேரம் நான் லீவில் ஊருக்குப் போயிருந்தேன். சுன்னாகம் எங்கள் ஊரிலிருந்து தூரம். எங்கள் கிணற்றில் ஒன்றும் இருக்கவில்லை. ஆனாலும் அம்மா வாளியில் அள்ளிய தண்ணீரை ஒவ்வொரு நாளும் மோந்து பார்த்துவிட்டுத்தான் உலையில் ஊற்றினா.

சுன்னாகத்தில் இலங்கை மின்சார சபையின் பழைய மின் நிலையம் இருந்தது. அதே இடத்தில் நொதேர்ன் பவர் என்ற தனியார் கம்பனியும் எண்ணெயில் மின்சாரம் எடுத்து மின்சார சபைக்கு விற்றது. நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை பரிசோதித்த கிணறுகள் பலவற்றில் எண்ணெயும் கிரீசும் அளவுக்கு மேல் இருந்தன. 2015 ஜனவரியில் மல்லாகம் நீதவான் நீதிமன்றம் அந்தக் கம்பனியின் மின் உற்பத்தியை நிறுத்தச் சொன்னது. சனங்களுக்குப் பவுசரில் தண்ணீர் வந்தது.

இப்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தக் கம்பனிக்கு மேலே காவல் யார்?

ஒன்று, மத்திய சுற்றாடல் அதிகாரசபை. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் சூழலைக் காப்பது அதன் வேலை. மற்றது முதலீட்டுச் சபை. அதன் முதல் வேலை, பணம் உள்ளவர்களை நாட்டுக்கு அழைத்து, சலுகை கொடுத்து, தொழில் தொடங்க வைப்பது. ஆனால் அப்படி அழைத்து வந்த கம்பனிகளுக்குச் சுற்றாடல் அதிகாரசபையின் சம்மதத்தோடு சுற்றாடல் அனுமதிப்பத்திரம் கொடுப்பதும், பிறகு அவற்றைக் கண்காணிப்பதும் அதே சபையின் வேலைதான்.

வாங்கோ வாங்கோ என்று மாலை போட்டு அழைத்து வந்த ஆளே, நாளைக்கு நீ செய்வது பிழை, கதவைப் பூட்டு என்றும் சொல்ல வேண்டும். அதோடு கம்பனியிடம் மின்சாரம் வாங்கியதும் அரசாங்கத்தின் சபைதான். அழைத்தவரும் வாங்கியவரும் காவல் நின்றவரும் ஒரே வீட்டுக்காரர் என்றால், கிணற்றுக்காரருக்காகப் பேச அந்த வீட்டில் யார் மிச்சம்?

ஒரு சுற்றாடல் அமைப்பின் தலைவர் பொதுநலன் கருதி உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மீறல் மனுப் போட்டார். 2019 ஏப்ரல் 4ஆம் திகதி தீர்ப்பு வந்தது. கம்பனியின் செயலால் நிலத்தடி நீர் மாசடைந்தது என்றும், மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் முதலீட்டுச் சபையும் தங்கள் கடமையைச் செய்யத் தவறின என்றும் நீதிமன்றம் சொன்னது. பாதிக்கப்பட்டவர்களுக்காகக் கம்பனி 2 கோடி ரூபா கட்ட வேண்டும் என்றும் கட்டளையிட்டது. நியாயம் கிடைத்தது, ஆனால் நான்கு வருடம் போனது. காவல்காரர் நேரத்துக்குக் குரல் கொடுத்திருந்தால் இந்த வழக்குக்கே தேவை வந்திராது.

பெரிய நாடுகளிலும் உண்டு

இது ஏழை நாட்டு வியாதி என்று நினைக்க வேண்டாம். ஜப்பானில் அணுமின் நிலையங்களின் பாதுகாப்பைப் பார்க்கும் அமைப்பு, அணுமின்சாரத்தை வளர்க்கும் அமைச்சின் கீழேயே இருந்தது. 2011 மார்ச்சில் சுனாமி அடித்து புகுஷிமா அணுமின் நிலையம் வெடித்தது. இது மனிதரால் வந்த விபத்து என்று பாராளுமன்றம் நியமித்த விசாரணைக் குழு 2012இல் சொன்னது. அதே வருடம் பாதுகாப்புப் பிரிவை அந்த அமைச்சிலிருந்து பிரித்துத் தனி அமைப்பாக்கினார்கள். மருந்து ஒன்றுதான்: வளர்ப்பவர் வேறு, காவல் வேறு.

நம் தோட்டங்களில்

1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் பெரும்பாலான தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளுக்குப் போனது. இடைப்பட்ட காலத்தில் அரசாங்கமே துரை. தொழில் சட்டம் மீறினால் துரையைப் பிடிக்க வேண்டிய தொழில் திணைக்களமும் அரசாங்கமே.

சில தோட்டங்கள் இன்றும் அரசிடம் இருக்கின்றன. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் பங்கு 8 வீதம், தொழில் தருநரின் பங்கு 12 வீதம். அரச தோட்ட நிறுவனங்கள் அந்தப் பணத்தை நேரத்துக்குக் கட்டாமல் நிலுவை வைத்த விஷயம் பாராளுமன்றம் வரை போனது. நிலுவையை அறவிட வேண்டியது தொழில் திணைக்களம். அரசாங்கம் அரசாங்கத்தின் மேலேயே வழக்குப் போடுவது எவ்வளவு சுணங்கும் என்று, பென்சனும் இல்லாமல் பணத்துக்காகக் காத்திருந்த நம் பெரியவர்களிடம் கேட்டால் தெரியும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன்

ஊருக்கு உபதேசம் செய்கிறவன் தன்னை மறைக்கக் கூடாது. எனக்குச் சம்பளம் தோட்டத்திலிருந்து வருகிறது. தோட்டத்தின் குறையை எழுதுவதும் என் வேலை. நானும் இரண்டு பொறுப்புக்காரன்தான்.

பல வருடங்களுக்கு முன் நான் இருந்த ஒரு தோட்டத்தில், பெருமழைக்குப் பிறகு ஒரு லயத்துப் பீலித் தண்ணீர் கலங்கி நாறியது. மேலே கக்கூஸ் குழி நிரம்பியிருந்தது. மாத அறிக்கையில் நான் “தண்ணீர் போதுமானது” என்று எழுதினேன். அது பொய் இல்லை, அளவு போதும்தான். சுத்தமா என்பதை எழுதவில்லை. துரை என்னை ஒன்றும் சொல்லவில்லை, மிரட்டவுமில்லை. நானே பயந்தேன். அடுத்த கிழமை அந்த லயத்தில் ஐந்து பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். ஒரு சின்னப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்துவிட்டது. அந்தத் தாய் எனக்கு நன்றி சொன்னபோது என்னால் அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்றைக்கு விளங்கியது இதுதான். நலன் முரண்பாடு உள்ள ஆளுக்கு யாரும் கட்டளை போடத் தேவையில்லை. அவருடைய கை தானாகவே பேனையை மெதுவாக ஓட்டும். ஆகவே நல்ல ஆளைத் தேடினால் மட்டும் போதாது. இரண்டாவது கண் ஒன்றும் வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

1. தராசில் அளவீட்டுத் திணைக்களத்தின் அந்த வருட முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் சங்கத் தலைவர் மூலம் கேளுங்கள்.

2. தண்ணீரில் சந்தேகம் வந்தால் எங்களிடம் மட்டும் சொல்லி நிற்க வேண்டாம். சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் முறையிடுங்கள். அவர் தோட்டத்துச் சம்பளக்காரர் அல்ல.

3. அரச அலுவலகம் எதுவானாலும், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். பரிசோதனை அறிக்கை, அனுமதிப்பத்திரம், சேமலாப நிதி நிலுவை எல்லாம் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

4. வாய்ப் பேச்சோடு விடாதீர்கள். எழுதிக் கொடுத்து, பிரதியில் திகதியோடு கையெழுத்து வாங்கி வையுங்கள்.

லயத்தில் கூடிப் பேச

உங்கள் தோட்டத்தில் பரிசோதிக்க வருகிறவர் யார்? அவருக்குச் சம்பளம் கொடுப்பது யார்? அவர் பேசாமல் இருந்தால் யாருக்கு லாபம்? அவருடைய அறிக்கை முதலில் யார் மேசைக்குப் போகிறது?

இந்தக் கேள்விகளை என்னை வைத்தும் கேளுங்கள். கோபிக்க மாட்டேன்.